மங்கிய நட்சத்திரத்துக்கு அருகில்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டவர்களுக்குத் திகதி பார்ப்பது ஒரு வியாதியாகிவிடும். திருமண அழைப்பிதழைக் கையில் கொடுத்தாலும், மணமக்களின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னர் திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று விரல் மடித்துக் கணக்குப் பார்ப்போம். ஒப்புநோக்குநனாக இத்தொழிலுக்குள் நுழைந்த எனக்கு அந்த வியாதி சற்று முற்றியே இருந்தது.

2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் கொழும்புக்குச் சென்றிருந்தேன். பழைய புத்தகக் கடையொன்றில், அட்டை கிழிந்த ஆங்கில விஞ்ஞானச் சஞ்சிகை ஒன்று கையில் அகப்பட்டது. நடுப்பக்கத்தில் ஒரு படம். கறுப்புப் பின்னணியில் சிந்திய மணிகளைப் போல ஏராளமான ஒளிப்பொட்டுகள். சில சுருள் வடிவம், சில தேய்ந்த நாணய வடிவம், சில வெறும் நீலத் துகள்கள். நட்சத்திரங்கள் என்றுதான் முதலில் எண்ணினேன். படக்குறிப்பு என்னைத் திருத்தியது. நட்சத்திரங்கள் அவற்றில் மிகச் சிலவே. மற்ற ஒவ்வொரு பொட்டும், எங்கள் பால்வீதியைப் போன்று கோடிக்கணக்கான சூரியன்களைக் கொண்ட ஒரு விண்மீன் திரள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் அது. எடுக்கப்பட்ட காலம்: 1995 டிசெம்பர் 18 முதல் 28 வரை.

கடைக்காரர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. அந்தப் பத்து நாட்களும் நான் எங்கிருந்தேன் என்பதை எந்தக் குறிப்பேட்டையும் புரட்டாமல் என்னால் சொல்ல முடியும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தது. அந்த இடம்பெயர்வை அனுபவித்தவர்களுக்கு விளக்கவேண்டிய தேவையில்லை. அனுபவிக்காதவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் முடிவதில்லை. வட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட நாங்கள் மழையில் நனைந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது மறுநாள் நண்பகலாகிவிட்டது. ஐயாவுக்கு அப்போது வயது 68. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். நெடுநாள் தொய்வு நோயாளி. அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான் உருட்டிக்கொண்டு வந்தேன். அவருடைய புத்தகங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தன. "ரெண்டு மூண்டு நாளிலை திரும்பி வந்திடுவம்தானே" என்று சொல்லி அலுமாரியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

மீசாலையில் தூரத்து உறவினர் ஒருவரின் வளவில், மாமரத்தின் கீழ் கிடுகினால் ஒரு சாய்ப்பு இறக்கித் தங்கினோம். டிசெம்பர் முதல் வாரத்தில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் வசமாகியது. திரும்பிப் போகும் கதை அத்தோடு நின்றது.

குடாநாட்டில் மின்சாரம் நின்று அப்போது ஐந்து ஆண்டுகளாகியிருந்தன. ஹபிள் விண்ணுக்கு ஏவப்பட்டது 1990 ஏப்ரலில். அதே ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. எங்கள் விளக்குகள் அணைந்தன. ஜாம் போத்தலுக்குள் எரியும் சிறு திரியே வீட்டுக்கு விளக்கு. மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் இயங்கும் வானொலியில் மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். பத்திரிகை சில காலம் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகியது. அந்தக் கோடுகளுக்கு நடுவில் எழுத்துப் பிழை தேடியவன் நான்.

அந்த இருட்டை இன்று சிலர் ஏக்கத்தோடு நினைவுகூர்வதைக் கேட்டிருக்கிறேன். வானம் எவ்வளவு அழகாகத் தெரிந்தது என்பார்கள். எனக்கு அந்த ஏக்கத்தில் உடன்பாடில்லை. அந்த இருட்டில்தான் பிரசவம் பார்த்தார்கள், காயங்களுக்குத் தையல் போட்டார்கள். ஆயினும் வானம் தெரிந்தது என்பது மெய்.

தொய்வுக்காரர் படுத்தால் மூச்சு முட்டும். மார்கழிப் பனி இறங்கும் வேளையில் ஐயா எழுந்து வந்து கவிழ்த்து வைத்த உரலின் மேல் உட்கார்ந்துவிடுவார். நானும் எழுந்து அருகில் குந்தியிருப்பேன். பேச்சுக் கொடுத்தால் கவனம் மாறி மூச்சு மெல்லச் சீராகும் என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. மழை விட்ட காலைகளில், நாலரை மணியளவில், சப்தரிஷி மண்டலம் வடக்குப் பனைகளுக்கு மேலே ஏறி நிற்கும். வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததி தெரிகிறதா என்பதுதான் ஊரில் எல்லோரும் கண்ணுக்கு வைக்கும் சோதனை. ஐயாவின் சோதனை வேறு.

"ஏழிலை ஒண்டு மங்கல், தம்பி. அத்திரி. சட்டியும் பிடியும் சேருற இடத்திலை. உது தெரிஞ்சால் உன்ரை கண்ணிலை பழுதில்லை."

தெரிகிறது என்பேன். அவரும் சற்று நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

இடம்பெயர்வதற்கு ஆறு நாள் முன்னர், ஒக்டோபர் 24ஆம் திகதி, ஒரு சூரிய கிரகணம் வந்தது. வட இந்தியாவில் முழுமையாகவும் எங்களுக்குப் பகுதியாகவும் தெரிந்தது. எறிகணைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காலையிலும் ஐயா முற்றத்தில் தாம்பாளத்தை வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கடிபட்ட சூரியனை அதில் எங்களுக்குக் காட்டினார். அன்றும் பின்னர் மீசாலையிலும் அவர் விரும்பிச் சொன்ன கதை ஒன்றுதான்: வட்டுக்கோட்டைச் செமினரியின் கதை.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய அந்தக் கல்விக்கூடத்தில் வானியலும் ஒரு பாடம். 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணம் பற்றி அதிபர் டானியல் பூவரின் கணிப்பும், ஊர்ப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பும் வேறுபட்டன. கிரகணத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லப்பட்டது. பூவரின் கணிப்பே பொருந்தியது. பின்னர் 1848இல் ஹொய்சிங்டன் என்ற இன்னொரு மிஷனரி, இந்து வானியல் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். மிஷனரிமாரின் நோக்கம் மதமாற்றம் என்பதை ஐயா அறியாதவரல்லர். ஆனாலும் அவர் கதையை முடிக்கும் விதம் எப்போதும் ஒன்றே: "ஆர் வெண்டது எண்டதை விடு. சண்டைபிடிச்ச ரெண்டு பக்கமும் அண்ணாந்து பாத்தாங்கள். அதுதான் விஷயம்."

1996 பெப்ரவரியில் ஐயா காலமானார். மீசாலையிலேயே தகனம் நடந்தது. ஏப்ரல் கடைசியில், தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு மாறிய பின்னர், அம்மாவும் நானும் வட்டுக்கோட்டைக்குத் திரும்பினோம். அலுமாரிக்குக் கதவு இருக்கவில்லை. புத்தகங்கள் மழையில் ஊறி, காய்ந்து, கல்லுப்போல ஒரே கட்டியாகக் கிடந்தன. திறப்பு மட்டும் அம்மாவிடம் இருந்தது.

கொழும்பில் அந்தச் சஞ்சிகையை வாங்கிவந்த பின்னரே படத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஹபிளின் நேரத்துக்காக உலகெங்குமுள்ள வானியலாளர்கள் வரிசையில் நிற்பார்கள். அதை இயக்கும் நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்த ரொபர்ட் வில்லியம்ஸுக்குத் தமது விருப்பப்படி ஒதுக்கக்கூடிய நேரம் கொஞ்சம் இருந்தது. வானத்தில் எதுவுமே இல்லாததுபோல் தோன்றும் ஓரிடத்தை வெறித்துப் பார்ப்பதற்கு அவர் அதைச் செலவிட்டார். கண்ணாடி வழுவோடு விண்ணுக்குப் போய்க் கேலிக்கு ஆளாகி, 1993 டிசெம்பரில்தான் திருத்தப்பட்ட கருவி அது. பத்து நாள் பார்த்தும் ஒன்றும் தெரியாவிட்டால் பெயர் கெடும் என்று மூத்தவர்கள் சிலர் எச்சரித்தார்கள். முழு வானத்தையும் 2 கோடியே 40 இலட்சம் துண்டுகளாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. அந்த அளவுதான் அவர் தெரிந்தெடுத்த இடம். அதை 342 தடவைகள் படமெடுத்து ஒன்றாகச் சேர்த்தார்கள். ஏறத்தாழ 3,000 விண்மீன் திரள்கள் தெரிந்தன.

அந்த இடம் சப்தரிஷி மண்டலத்தில் இருக்கிறது. சட்டியும் பிடியும் சேருமிடத்துக்குச் சற்று வடக்கே, அத்திரிக்கு அருகில்.

1995 டிசெம்பர் 22 அமாவாசை. மழை விட்ட ஏதோ இரண்டு மூன்று காலைகளில், உரலில் உட்கார்ந்திருந்த ஐயாவும், புவிக்கு மேலே சுமார் 600 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஹபிளும் வானத்தின் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தற்செயலுக்குப் பொருள் ஏற்றக்கூடாது என்று இளம் செய்தியாளர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆகவே அதற்கு மேல் எதுவும் சொல்லப்போவதில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் பத்து நாட்களில் வானத்தின் ஊசிமுனையளவு இடத்துக்கு 342 படங்கள் இருக்கின்றன. ஐயாவின் கடைசி மாதங்களுக்கு ஒரு படமும் இல்லை. கமரா இருக்கவில்லை என்பது சரி. தாளும் பேனாவும் இருந்தனவே! செய்தியாளன் என்று சொல்லிக்கொண்ட நான் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. எல்லோருக்கும் நடப்பது செய்தியாகாது என்று எண்ணியிருந்தேன்.

தொலைவில் பார்ப்பது பழைய காலத்தைப் பார்ப்பது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஒளி நொடிக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடினாலும், தூரம் பெரிதாக இருந்தால் அதற்கும் காலம் பிடிக்கும். போர்க்காலத்தில் கொழும்புப் பத்திரிகைகள் எங்களுக்கு நாட்கள் கடந்தே வந்து சேரும். கையில் எடுக்கும்போதே அதிலுள்ளது பழைய செய்தி என்று தெரியும். அதற்குள் நிலைமை மாறியிருக்கும். ஆனாலும் அது நடந்ததற்கான சான்று. வானியலாளர்கள் வாசிப்பதும் அத்தகைய பிந்திய பத்திரிகையைத்தான்.

மிகப் பழைய ஒளியை வாசிப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், வழியில் ஒளியின் அலையும் இழுபட்டு நீள்கிறது. முதல் விண்மீன் திரள்களிலிருந்து புற ஊதா ஒளியாகப் புறப்பட்டது, நம்மிடம் வந்து சேரும்போது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகிவிடுகிறது. அகச்சிவப்பு என்பது வெப்பத்தின் கதிர். தொலைநோக்கி சூடாக இருந்தால் தன் சொந்த வெப்பமே அதன் கண்ணை மறைத்துவிடும். அதனால்தான் 2021 டிசெம்பர் 25ஆம் திகதி ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில், ஐந்து அடுக்கு நிழல்திரைக்குப் பின்னால், கடுங்குளிரில் நிறுத்தியிருக்கிறார்கள். பொன் பூசிய 18 துண்டுகள் சேர்ந்த அதன் கண்ணாடி 6.5 மீற்றர் அகலமானது.

வெப் எடுத்த முதலாவது ஆழ்வானப் படம் எங்கள் நேரப்படி 2022 ஜூலை 12ஆம் திகதி அதிகாலை வெளியானது. அந்த வாரத்தையும் இலங்கையர் எவரும் மறந்திருக்க முடியாது. ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்திருந்தார்கள். எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. மின்வெட்டு. தாள் விலை ஏறிப் பக்கங்கள் குறைந்திருந்தன. ஆசிரியபீடத்தில் இளம் உதவி ஆசிரியை ஒருவர் கைபேசியில் அந்தப் படத்தை நீட்டினார்.

"அண்ணை, இதை எங்கை போடுறது?"

"உள்பக்கத்திலை இடம் கிடந்தால் போடுங்கோ பிள்ளை."

"இதிலை 1300 கோடி வருசத்துக்கு முந்தின வெளிச்சமும் இருக்காம். ஜனாதிபதி நாளைக்கும் செய்திதானே, அண்ணை?"

நான் சிரித்துவிட்டு உள்பக்கத்துக்கே அனுப்பினேன். மறுநாள் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறினார். முன்பக்கம் பற்றிய என் முடிவு தொழில்ரீதியாகச் சரியானதே. படம் மட்டும் மலிவான தாளில் மை ஊறி, வெறும் கறுப்புச் சதுரமாக வெளியாகியது. அந்தப் பிள்ளை அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நான் அவரிடம் மீசாலையைப் பற்றிச் சொன்னது அன்றைக்குத்தான். அதற்கு முன்னர் எவரிடமும் சொன்னதில்லை. "எழுதுங்கோவன் அண்ணை" என்றார். எழுதுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

எழுதத் தூண்டியது 2025இல் வந்த ஒரு செய்தி. புனேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ஆய்வாளர் ராஷி ஜெயினும் பேராசிரியர் யோகேஷ் வடடேகரும் வெப் எடுத்த படங்களுக்குள் ஒரு சுருள் விண்மீன் திரளைக் கண்டுபிடித்திருந்தார்கள். அளகநந்தா என்று இமயத்து நதியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். மந்தாகினி நதியின் சகோதரி அது; இந்தியில் மந்தாகினி என்பது பால்வீதிக்கும் பெயர். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். அளகநந்தாவிலிருந்து ஒளி புறப்பட்டபோது அந்த வயது 150 கோடி ஆண்டுகள் மட்டுமே. ஒழுங்கான இரண்டு சுருள் கரங்களுடன் ஒரு திரள் அமைவதற்கு அதைவிட மிக நீண்ட காலம் வேண்டும் என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. அளகநந்தா 30,000 ஒளியாண்டு அகலத்தில், முழுமையான அழகோடு, அந்த எண்ணத்துக்கு முன்பே வந்து நிற்கிறது. அதைவிடப் பழையனவும் உண்டு. பிரபஞ்சத்துக்கு 30 கோடி வயதுகூட ஆகாத காலத்துத் திரள்களை 2024, 2025 ஆம் ஆண்டுகளில் அறிவித்தார்கள். ஆனால் அவை சிறு பொட்டுகள். அளகநந்தாவுக்கு முகம் இருக்கிறது.

அது எங்கள் கண்ணுக்கு எட்டியதற்கு ஓர் இடைத்தரகரின் உதவி வேண்டியிருந்தது. வழியில் ஏபெல் 2744 என்ற பெரும் விண்மீன் திரள்களின் கூட்டம் இருக்கிறது. அதன் ஈர்ப்பு பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெருப்பிக்கிறது. பொடி எழுத்தின் மேல் நாங்கள் வைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் வேலையை ஒரு விண்மீன் கூட்டமே செய்கிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. அவர்களிடம் வெப் தொலைநோக்கி இருக்கவில்லை. வேறொரு ஆய்வுக்காக எடுக்கப்பட்டு, எல்லோரும் பார்க்கும்படி சேமித்துவைக்கப்பட்ட தரவுகளையே அவர்கள் பொறுமையாகப் புரட்டினார்கள். இந்தியாவின் சொந்த விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட்டின் கதையும் இத்தகையதே. 2015இல் ஏவப்பட்ட அதன் புற ஊதாத் தொலைநோக்கியின் கண்ணாடி 40 சென்ரிமீற்றர் அகலம்கூட இல்லை, ஹபிளினுடையது 2.4 மீற்றர். அது 2016 ஒக்டோபரில் 28 மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இடத்தைப் பார்த்தது. புனேயைச் சேர்ந்த கனக் சாஹாவின் குழுவினர் அந்தத் தரவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சோதித்தார்கள். 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு திரளின் புற ஊதாக் கதிரை, ஹபிள் காணாததை, 2020இல் அறிவித்தார்கள். கருவி சிறியது. ஆனால் அதன் உணரியில் இரைச்சல் குறைவு. மெல்லிய குரல் அதனால் கேட்டது.

எங்கள் ஊரில் சேமித்தது நிலைத்ததில்லை. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் மட்டும் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அலுமாரிகளில் போனவற்றுக்குக் கணக்கில்லை. ஆயினும் 2005இலிருந்து நூலகம் என்ற பெயரில் சிலர் ஈழத்துப் பழைய ஏடுகளையும் பத்திரிகைகளையும் தேடி எடுத்து, பக்கம் பக்கமாக மின்வருடி, உலகத்துக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள். இன்று வட்டுக்கோட்டையில் ஒரு மாணவி வெப் தொலைநோக்கியின் தரவையும் திறக்கலாம், பாட்டன் காலத்துப் பத்திரிகையையும் திறக்கலாம். எவரோ சேமித்தால்தான் பிறகு எவரோ கண்டுபிடிக்கலாம். அந்த முதல் வேலை என்னைப் போன்றவர்களுடையது. 1995 டிசெம்பரில் நான் அதைச் செய்யவில்லை.

கணக்குப் பார்க்கும் வியாதி விடுவதாயில்லை. அத்திரி சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அன்று எங்கள் கண்ணில் பட்ட அதன் ஒளி, ஐயா பிறப்பதற்கு முன்னரே புறப்பட்டது. மறுதிசையிலும் அப்படியே. மீசாலை வளவிலிருந்து அந்த விடியற்காலை புறப்பட்ட வெளிச்சம், ஜாம் போத்தல் விளக்கின் மினுக்கம் உட்பட, இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. 30 ஒளியாண்டு தூரம் போய்விட்டது. அத்திரி வரைக்கும் என்றால் பாதி வழிகூட ஆகவில்லை. அதைப் பிடித்து வாசிக்கக்கூடிய கருவி எங்கும் இருக்கப்போவதில்லை என்பதை அறிவேன். ஐயாவின் அந்த நாட்களுக்கு இருக்கும் ஒரே பிரதி அது என்பதால் சொல்லிவைக்கிறேன். இந்தக் கட்டுரை இரண்டாவது பிரதி.

2025 டிசெம்பரில் ஒரு காலை நாலரை மணிக்கு எழுந்து முற்றத்துக்கு வந்தேன். மழை விட்டிருந்தது. சப்தரிஷிகள் வடக்கே ஏறியிருந்தார்கள். எண்ணினேன். ஆறுபேர். வீதி விளக்கின் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினேன். அத்திரியைக் காணவில்லை. புதிய மின்விளக்குகளின் குறையா, என் கண்ணின் பழுதா என்று தெரியவில்லை. கண் மருத்துவரிடம் திகதி எடுத்திருக்கிறேன்.